கேட்குமுன் கொடுப்போம்

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டுப் பங்குப் பேரவையினரும் பக்த சபையினரும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



50 ஆண்டுகளுக்கு முன் ஓலைக் கொட்டகை ஒன்றில் முதல் திருப்பலி கண்ட நமது பங்கு, இன்று பொன்விழா காண்கிறது. இறைவனுக்கு நன்றி. விழா ஏற்பாடுகளுக்காகக் கோவில் அலமாரியைத் துப்புரவு செய்தபோது, நம் முன்னோர் எழுதிவைத்த முதல் கணக்கு நோட்டு கையில் கிடைத்தது. அட்டை செல்லரித்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. ‘சேவல் ஏலம்’, ‘தேங்காய் 12 விற்ற வகையில்’, ‘கொத்தனார் ஒரு நாள் கூலி தர்மம்’, ‘பிடி அரிசி வரவு’ என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். முதல் பத்துப் பக்கங்களில் பெருந்தொகை என்று சொல்லத்தக்க வரவு ஒன்றுகூட இல்லை. ஆனால் பத்தாவது பக்கம் முடிவதற்குள் கோவிலின் சுவர் எழும்பிவிட்டது! இன்று நாம் பேசவிருக்கும் பொருளுக்கு அந்த நோட்டே முன்னுரை என்று கொள்ளுங்கள்.

தேவை என்ன?

மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். சென்ற ஆண்டில் அவ்வாறு சென்ற வீடுகள் 23. அவற்றுள் ஒரு வீட்டில் பக்கவாதத்தால் படுக்கையாய்க் கிடக்கும் ஒரு தாயார். மகனும் மருமகளும் நல்லவர்கள்தாம். ஆனால் விடிந்ததும் வேலைக்குப் போனால் விளக்கு வைத்தபின்தான் திரும்புவார்கள். நற்கருணை வழங்கியபின், “வேறு ஏதாவது வேண்டுமா அம்மா?” என்று கேட்டோம். உணவோ பணமோ கேட்பார் என்று எண்ணினோம். “என்னைக் கொஞ்சம் புரட்டிப் படுக்க வையுங்க சாமி” என்றார். முதுகிலே படுக்கைப் புண். உபதேசியாரும் நாமும் சேர்ந்து புரட்டினோம். முறை தெரியாமல் புரட்டியதால் அந்தத் தாய் வலி தாங்காமல் அலறிவிட்டார். செமினாரியில் பல ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் பயின்றோம். ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கப் பயிலவில்லையே என்று அன்று வெட்கப்பட்டோம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, உடலை ஈரமின்றிக் காத்தால் இத்தகைய புண்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம் என்று மருத்துவர் கூறுகின்றனர். இதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டியதில்லை. வாரம் இருமுறை வீட்டுக்கு வரும் ஒரு செவிலியர், வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் சிறிது பயிற்சி, இரவல் கொடுக்கச் சில கட்டில்கள், தண்ணீர் மெத்தைகள், சக்கர நாற்காலிகள், இவை போதும். பொன்விழா நினைவாக இந்த வீட்டுப் பராமரிப்புப் பணியைத் தொடங்கலாம் என்று பேரவையில் பேசியபோது எல்லாரும் மகிழ்ச்சியோடு தலையசைத்தீர்கள். அடுத்த நிமிடமே ஒரு கேள்வி எழுந்தது. “பணத்துக்கு எங்கே போவது சாமி?”

நியாயமான கேள்வி. நற்செய்தியிலே நம் ஆண்டவரும், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று கேட்கிறார் அன்றோ? ஆகவே இன்று நாமும் உட்கார்ந்து கணக்கிடுவோம்.

நாம் செய்த தவறு

கணக்கிடுமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முன்னொரு காலத்தில் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, ஏழைப் பெண்களுக்கென்று ஒரு தையற்பள்ளி தொடங்கினோம். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றுக்கு எழுதினோம். உதவி வந்தது. 12 தையல் இயந்திரங்கள், ஆசிரியைக்குச் சம்பளம், வாடகை, துணி, நூல் எல்லாமே அந்தப் பணத்தில் நடந்தன. ஊராரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. “ஏழைகளிடம் ஏன் கேட்பானேன்?” என்று நாம் நினைத்தோம், அது அன்பு என்றும் எண்ணிக்கொண்டோம். மூன்று ஆண்டுகள் சென்றன. ஒப்பந்தப்படி உதவி நின்றது. நான்காம் மாதம் ஆசிரியை வேறு வேலை தேடிக்கொண்டார். இயந்திரங்களுக்கு உறை போட்டுப் பூட்டினோம். ஊரிலே எவரும் வந்து, “பள்ளி ஏன் மூடிக்கிடக்கிறது?” என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அது அவர்களுடைய பள்ளி அல்ல. சாமியாருடைய பள்ளி, வெள்ளைக்காரருடைய பள்ளி!

கொடுத்தவர்கள்மீது குற்றமில்லை, சொன்னபடி கொடுத்தார்கள், சொன்னபடி நிறுத்தினார்கள். குற்றம் நம்முடையது. அந்தப் பூட்டிய அறை கற்பித்த பாடத்தைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

செலவு இருவகை

எந்தப் பணிக்கும் செலவு இருவகைப்படும். ஒன்று, ஒரு தடவைச் செலவு. கட்டில் வாங்குவது, சக்கர நாற்காலி வாங்குவது போன்றவை இதில் அடங்கும். மற்றொன்று, மாதந்தோறும் தொடரும் செலவு. செவிலியருக்குரிய ஊதியம், ஆட்டோ கட்டணம், பஞ்சு, கையுறை, மருந்து ஆகியவை இத்தகையன. ஒரு தடவைச் செலவுக்கு வெளிப்பணம் வரலாம். மாதச் செலவுக்கு நம் பணமே வரவேண்டும். இந்த ஒரு விதியை மறந்ததால்தான் அந்தத் தையற்பள்ளி மூடியது.

பழைய ஏற்பாட்டிலே நெகேமியாவின் வரலாற்றைப் பாருங்கள். இடிந்து கிடந்த எருசலேம் மதிலைக் கட்ட விரும்பிய அவர், பாரசீக மன்னரிடம் கேட்கத் தயங்கவில்லை. வாயிற்கதவுகளுக்கு வேண்டிய மரத்துக்காக, அரசரின் வனக்காவலருக்கு ஒரு கடிதம் பெற்றுக்கொண்டார். ஆனால் எருசலேம் வந்து சேர்ந்ததும், ஆரவாரமின்றி இரவிலே போய் இடிபாடுகளைத் தாமே பார்வையிட்டார். பிறகு மக்களை அழைத்தார். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைத் தாமே கட்டினர். 52 நாளில் மதில் முடிந்தது. மரம் அரசருடையது, கை மக்களுடையது. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

இப்போது நம் கணக்கு. தளவாடங்களுக்கு ஒரு தடவைச் செலவாக ஏறத்தாழ 1,50,000 ரூபாய் ஆகலாம். மாதச் செலவு, செவிலியர் வாரம் இருநாள் வருவதற்கு 6,000, ஆட்டோவுக்கு 2,500, மருந்து, பஞ்சு முதலியவற்றுக்கு 3,000, சில்லறைச் செலவு 500, ஆக 12,000 ரூபாய். ஆண்டுக்கு 1,44,000. இனி, பணம் வரும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: நாமே

நம் பங்கில் ஏறத்தாழ 400 குடும்பங்கள் உள்ளன. எல்லாரும் கொடுப்பார்கள் என்று கணக்கிடுவது மடமை. பாதிப் பேர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 200 குடும்பங்கள் மாதம் 60 ரூபாய் கொடுத்தால் 12,000 ஆகிவிடுகிறது. நாளொன்றுக்கு இரண்டே ரூபாய். கடையில் ஒரு தேநீர்கூட இந்த விலைக்குக் கிடைக்காது.

“இது நடக்கிற காரியமா?” என்று கேட்பவர்களுக்கு நம் அண்டை மாநிலத்தைக் காட்டுகிறோம். 1993-ஆம் ஆண்டு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில், மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோரும் நண்பர்களும் சேர்ந்து, தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்க ஒரு சிறு சங்கம் தொடங்கினர். 2001 முதல் அந்தப் பணி மலப்புறம் முதலிய இடங்களில் ஊர்தோறும் அண்டைவீட்டார் பணியாக விரிந்தது. ஊர்மக்களே பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர். செலவின் பெரும்பகுதியை அந்தந்த ஊராரே சிறு சிறு தொகையாகக் கொடுத்தனர். கடைகளில் உண்டியல் வைத்தனர். மாணவர்களும் பேருந்துத் தொழிலாளரும் சுமைதூக்குவோரும் கொடுத்தனர். மக்கள் முன்னே நடந்தார்கள். அரசு பின்னே வந்தது. 2008-ல் கேரள அரசு இப்பணிக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. மக்கள் உண்டியலைத் தொடாமல் அரசின் வருகைக்குக் காத்திருந்தால், எத்தனை நோயாளிகள் வலியோடே கண்மூடியிருப்பார்கள்!

நமது திருச்சபைக்கும் இது புதிதன்று. எருசலேமில் வாடிய ஏழைகளுக்காகப் புனித பவுல் திரட்டிய நிதியை எண்ணிப் பாருங்கள். தாம் வரும்போது அவசரமாய் வசூல் செய்ய வேண்டாம், வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்கேற்பச் சிறிது எடுத்துவைக்கட்டும் என்று கொரிந்தியருக்கு எழுதினார். இன்று சங்கங்களிலே ‘மாதச் சந்தா’ என்று சொல்கிறோமே, அதே முறை! மேலும், வறியவர்களான மக்கெதோனியர் சக்திக்கு மீறிக் கொடுத்ததையும், எங்களுக்கும் இந்தப் பாக்கியம் வேண்டும் என்று வருந்திக் கேட்டதையும் அவர் வியந்து எழுதுகிறார். ஏழையிடம் கேளாமல் விடுவது அன்பு அன்று என்பதைப் பவுலடியார் அறிந்திருந்தார். தையற்பள்ளி நாளில் நாம் அறியாதிருந்தோம்.

1833-ல் பாரிஸ் நகரில் 20 வயது மாணவராயிருந்த பிரடெரிக் ஓசானாமும் தோழர்களும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினர். இன்றும் அச்சபையின் கூட்ட முடிவில் ஒரு பை சுற்றி வருகிறது. யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது. நம் பங்கிலும் அந்தப் பை சுற்றுகிறது. அந்த முறையையே இப்பணிக்கும் கொள்ளலாம்.

இரண்டாம் வழி: ஊராரும் வெளியூர் சென்ற நம்மவரும்

இப்பணி கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனை, “நீ எந்தக் கோவில்?” என்று கேட்கவில்லை. படுக்கையில் கிடப்பவர் இந்துவாயினும் இஸ்லாமியராயினும் நம் செவிலியர் அங்கே செல்வார். ஆகவே கடைவீதியிலே எல்லாரிடமும் கூச்சமின்றிக் கேட்கலாம். பணமாகத்தான் என்றில்லை. மருந்துக் கடைக்காரர் கொள்முதல் விலைக்கே பஞ்சும் கையுறையும் தரலாம். ஆட்டோ ஓட்டுநர் வாரத்தில் ஒரு சவாரியைத் தர்மமாகத் தரலாம். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பயிற்சி தரலாம். வாங்காமல் மிஞ்சிய ரூபாயும் வரவுதான்.

நம் பிள்ளைகள் பலர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்கலாம். ஆனால் இங்கே சட்டம் ஒன்றுண்டு. இந்தியக் குடியுரிமையை விடாமல் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் தெருவில் பிறந்தவராயினும் அது வெளிநாட்டு நன்கொடையே. அதற்கு உரிய அனுமதி இல்லாமல் வாங்கலாகாது. எனவே பணம் வாங்குமுன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது அவமதிப்பன்று, பின்னால் வரும் தொல்லையைத் தவிர்ப்பது.

மூன்றாம் வழி: அரசின் பணிகள்

அரசிடம் பணம் கேட்குமுன், அரசு ஏற்கெனவே செய்வதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளோருக்கு வீட்டிலேயே மருந்து, முடங்கியோருக்கு இயன்முறைச் சிகிச்சை, படுக்கையாய்க் கிடப்போருக்கு ஆதரவுச் சிகிச்சை ஆகியவை அதன் நோக்கத்தில் அடங்கும். நாம் சென்ற 23 வீடுகளில் எத்தனை வீட்டார் தங்கள் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்திருக்கிறார்கள்? விசாரித்துப் பட்டியல் எடுக்க வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கும், மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும், மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் மனுப்போட உதவ வேண்டும். ஓர் ஏழைத் தாய்க்கு உரிய உதவித்தொகையை வாங்கிக்கொடுத்தால், அது ஆண்டுதோறும் அவருக்கு நன்கொடை கொடுத்ததற்கு ஒப்பாகும். இதற்கு வேண்டியது பணமன்று. நமது இளைஞர்களின் கால் நடையும் பொறுமையும்.

நான்காம் வழி: நிறுவனங்கள்

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள், முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இதைக் கேள்விப்பட்டதும், “நாளைக்கே மனுப்போடலாம்” என்று சில இளைஞர்கள் துள்ளினார்கள். துள்ளுவதற்கு முன் சில செய்திகளை அறிய வேண்டும். அந்தப் பணத்தைப் பெறும் சங்கம் பதிவுபெற்றதாக இருக்க வேண்டும். வருமானவரிப் பதிவுகள் இருக்க வேண்டும். பொதுவாக மூன்றாண்டுப் பணி அனுபவம் இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல், மத்திய அரசிடம் தனியாகவும் பதிந்திருக்க வேண்டும். நேற்றுப் பிறந்த குழுவுக்கு இந்தக் கதவு திறக்காது.

ஆகவே நாம் இப்போதே புதிய சங்கம் ஒன்றைப் பதிவு செய்ய ஓட வேண்டியதில்லை. பதிவு செய்வது எளிது. ஆண்டுதோறும் தணிக்கை, பொதுக்குழு, படிவம் என்று அதைக் காப்பாற்றுவது கடினம். நமது மறைமாவட்டத்தின் சமூகப் பணிச் சங்கத்தின் கீழ் இதை ஒரு பணியாக நடத்தலாமா என்று முதலில் கேட்போம். அவர்களுக்கு 80-ஜி என்று பழகிய பெயரால் நாம் சொல்லும் வரிச்சலுகைப் பதிவு இருக்குமானால், நன்கொடையாளருக்கு உரிய ரசீது கிடைக்கும். இதிலும் இரண்டு நுட்பம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை இல்லை. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுக்க வேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்துகொண்டவருக்கும் சலுகை இல்லை. தெரியாமல், “வரி கழியும்” என்று வாக்குக் கொடுத்து வாங்காதீர்கள். மேலும், ஒரே சமயத்தாருக்கென்று மட்டும் நடக்கும் பணிக்கு அச்சலுகை கிடையாது. சமாரியனின் வழியில் நடப்போருக்கு இது ஒரு தடையே அன்று.

ஐந்தாம் வழி: வெளிநாட்டு உதவி

இதைக் கடைசியில் வைத்திருப்பதன் காரணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். முற்காலத்தில் ஒரு பங்குத்தந்தை கடிதம் எழுதினால் ஓராண்டில் கிணறும் கட்டடமும் வந்ததுண்டு. காலம் மாறிவிட்டது. 1976-ல் வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குப் பதிலாக 2010-ல் புதுச்சட்டம் வந்தது. 2020-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. அத்திருத்தத்தின்படி, இப்பணத்தைப் பெறும் சங்கம் அதை வேறொரு சங்கத்துக்கு மாற்றித்தர இயலாது. புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்கே பணம் வரவேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. புதிதாகப் பதிவு கேட்கும் சங்கம் மூன்றாண்டு இயங்கி, அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் பணிக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். எனவே மாதம் 12,000 ரூபாய்ப் பணிக்காக நாமே இந்த வழியில் போவது, எலிவளையைத் தோண்ட யானையைக் கூட்டிவருவது போலாகும்.

எனினும், அந்தப் பணத்தை இகழ்ந்து பேச வேண்டாம். அது எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1958-ல் கொலோன் கர்தினால் பிரிங்ஸ் முன்மொழிய, ஜெர்மானிய ஆயர்கள் மிசெரெயோர் நிதியைத் தொடங்கினர். போரில் இடிந்து, பிறர் அனுப்பிய உணவுப் பொட்டலங்களால் பசியாறிய நாட்டு மக்கள், தவக்காலத்தில் தாம் குறைத்துக்கொண்ட உணவின் விலையைத் தூரத்து ஏழைகளுக்கு அனுப்பினர். ‘வெள்ளைக்காரர் பணம்’ என்று நாம் சொன்னோமே, அதுவும் எங்கோ ஒரு பங்கில் ஒரு கைம்பெண் போட்ட காசுதான்! அவர்கள் பட்டினி கிடந்து கொடுத்ததை நாம் நோன்பிருக்காமல் வாங்கிச் செலவழித்தோம். அந்தத் தையல் இயந்திரங்களுக்கு உறை போட்டதில் உண்மையான வெட்கம் அதுவே.

எப்படிக் கேட்பது?

யாரிடம் சென்றாலும் ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். யாருக்காக, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு ஆகும், அதில் நாம் எவ்வளவு போட்டிருக்கிறோம், உங்களிடம் எதற்கு எவ்வளவு கேட்கிறோம் என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்க வேண்டும். “ஏதோ உங்களால் முடிந்தது” என்று கேட்பதைவிட, “ஒரு தண்ணீர் மெத்தை வேண்டும், விலை இவ்வளவு” என்று கேட்பது நல்லது. கொடுப்பவர் தாம் கொடுத்ததைக் கண்ணால் பார்க்க முடியும். நான்காவது விடை எல்லாவற்றிலும் முக்கியமானது. “நாங்கள் இன்னும் ஒன்றும் போடவில்லை” என்று எழுதிக்கொண்டு எந்த வாசலிலும் நிற்க முடியாது.

அடுத்தது கணக்கு. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பழமொழி. புனித பவுல் எருசலேம் நிதியைத் தாம் தனியே தூக்கிச் செல்லவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களை உடன் சேர்த்துக்கொண்டார். இறைவன்முன் மட்டுமல்ல, மனிதர்முன்னும் பழிக்கு இடமிருக்கலாகாது என்று கருதினார். திருத்தூதருக்கே அந்தக் கவனம் தேவைப்பட்டதென்றால், நமக்கு எவ்வளவு தேவை! ஆகவே இப்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. மூவர் பெயர், இருவர் கையெழுத்து. அந்த மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வரவுக்கு ரசீது, செலவுக்கு வவுச்சர். மாதத்தின் முதல் ஞாயிறு வரவு செலவு கோவில் வாசலிலே ஒட்டப்பட வேண்டும். 10 ரூபாய் கொடுத்தவரும் அதைப் படிக்க உரிமையுடையவர். நோயாளிகளின் பெயரையோ படத்தையோ காட்டி மட்டும் பணம் கேட்க வேண்டாம். அவர்கள் நம் தாய் தந்தையர். காட்சிப் பொருள்கள் அல்லர்.

மூன்றாவதாக, ஆறு மாதச் செலவான 72,000 ரூபாய் கையிருப்பு சேராமல் பணியைத் தொடங்க வேண்டாம். நோயாளி ஒருவர் செவிலியரின் வருகையை எதிர்பார்க்கப் பழகியபின், “பணம் தீர்ந்துவிட்டது” என்று நிறுத்துவது, தொடங்காமலே இருப்பதினும் கொடியது.

ஒரு நல்ல மனிதரின் கதை

இப்பணியைப் பற்றிக் கேள்விப்பட்ட நம் பங்கு அன்பர் ஒருவர், இரு வாரங்களுக்குமுன் இல்லத்துக்கு வந்தார். “சாமி, யாரிடமும் கேட்க வேண்டாம், மூன்றாண்டுச் செலவு முழுவதும் என்னுடையது” என்றார். விளம்பரம் வேண்டியவர் அல்லர். தம் பெயரைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டவர். உண்மையைச் சொன்னால், அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ‘ஆம்’ என்று சொன்னால் மறுநாளே செவிலியரை அமர்த்தலாம். அந்தத் தாயின் முதுகுப்புண் ஒரு மாதம் முன்னதாக ஆறலாம். ‘வேண்டாம்’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால் நான்காம் ஆண்டு? உறை போட்ட அந்தப் பன்னிரண்டு இயந்திரங்கள் கண்முன் நின்றன.

மறுநாள் அவரிடம் போய் மனத்திலிருந்ததைச் சொன்னோம். சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, “சரி சாமி, கட்டில்களும் மெத்தைகளும் என்னுடையது. மாதம் 60 ரூபாயும் எல்லாரையும்போல என்னுடையது” என்றார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். முதல் மெத்தையைப் பொன்விழா வரைக்கும் காத்திராமல் வாங்கிவிட்டார். அது இப்போது அந்தத் தாயின் கட்டிலில் இருக்கிறது. மரம் வந்துவிட்டது, சகோதரரே. மதிலைக் கட்ட வேண்டியது நாம்.

இன்று கேட்பது என்ன?

பொன்விழா நினைவாக நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்ட வேண்டும் என்று உங்களில் பலர் விரும்புகிறீர்கள். அந்த விருப்பத்தை நாம் குறை கூறவில்லை. கோவிலின் அழகு ஆண்டவருக்கு மகிமை. ஆனால் ஒரு வரிசையை மட்டும் கேட்கிறோம். விழா வசூலில் முதல் 72,000 ரூபாய் நோயாளிகளின் கையிருப்பாகட்டும். அதற்கு மேற்பட்டது வளைவுக்குப் போகட்டும். வளைவு ஓராண்டு தாமதமானால் வாயிலுக்கு ஒன்றும் வலிக்காது.

அடுத்து, வாசலில் உள்ள மேசையில் அட்டைகள் வைத்திருக்கிறோம். மாதம் எவ்வளவு என்று எழுதி, உறையிலிட்டுப் பெட்டியில் போடுங்கள். 60 எழுத முடியாதவர் 10 எழுதுங்கள். பத்தும் இயலாதவர், ‘வாரத்தில் ஒரு மணி நேரம்’ என்று எழுதுங்கள். அதுவும் வரவில் சேரும். முதல் அட்டை நம்முடையது, போட்டுவிட்டோம். மூன்று மாதம் நம் அட்டைகள் சொன்னபடி நிறைந்த பிறகே, அந்த ஒற்றைத் தாளோடு வெளியாரிடம் செல்வோம்.

இன்னும் 50 ஆண்டு கழித்து, நூற்றாண்டு விழாவுக்காக யாரோ ஒருவர் இதே அலமாரியைத் துப்புரவு செய்வார். நம் கணக்கு நோட்டு அவர் கையில் கிடைக்கும். ‘சேவல் ஏலம்’ என்று நம் முன்னோர் எழுதியதைப் படித்து நாம் நெகிழ்ந்தோம். நம் பக்கத்தைப் படிப்பவருக்கும், ‘வீட்டுப் பராமரிப்பு, 200 குடும்பங்கள்’ என்ற வரி அங்கே இருக்கட்டும்.

அப்பங்கள் ஐந்தும் மீன்கள் இரண்டும் முதலில் ஒரு சிறுவனின் கையிலிருந்து வந்த பிறகே ஐயாயிரம் பேரின் பசி தீர்ந்தது. கையில் உள்ளதைக் கொடுப்போருக்குக் குறைவு வராமல் காக்கும் இறைவன், நம் பங்கையும், படுக்கையிலிருந்து நமக்காகச் செபிக்கும் நம் நோயாளிகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.